எங்கள் வீடு தப்பித்தது, அக்காவின் வீடு போனது

2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போன செய்தி வந்த கொஞ்ச நேரத்திலேயே, எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்தது. முந்தின நாள் சாயங்காலம் மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தைப் பற்றியது. கர்த்தர் தம்முடைய பிள்ளைகளைக் கைவிட மாட்டார் என்பதற்கு இதுவே சாட்சி என்று பேசியவர் முடித்திருந்தார். அதற்குக் கீழே ஆமென், அல்லேலூயா, கும்பிடும் கைகள் என்று வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு மட்டும் விரல் போகவில்லை. அந்தக் குடும்பம் தப்பித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே மழையில், அதே சரிவில், அதே கர்த்தரிடம் ஜெபித்துவிட்டுப் படுத்தவர்களும் இருந்திருப்பார்களே, அவர்கள் யாருடைய பிள்ளைகள்?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. 2009 நவம்பரிலிருந்து என்னோடு இருக்கிறது. கடவுள் எப்போதும் நம்முடன் இருக்கிறார் என்று நம்புகிறவள் நான். அந்த நம்பிக்கையை விடுவதற்காக இதை எழுதவில்லை. அதை நாம் எங்கே கொண்டுபோய் மாட்டி வைத்திருக்கிறோம் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீடு நின்றால் அவர் இருந்தார். வீடு விழுந்தால்? அதற்கு ஒருவரும் வாய் திறப்பதில்லை. விழுந்த வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் திறப்பதில்லை.

அந்த மழை

நீலகிரிக்காரர்களுக்கு 2009 மழையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரே ஒரு கணக்கு. கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. பெய்தது. சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் அது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று கிழக்குப் பக்கம் முழுக்க மலை வழிந்தது. சாலைகள் துண்டாகின. மலை ரயில் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தூக்கத்திலேயே போனவர்கள்.

எங்கள் ஊர் கோத்தகிரிப் பக்கம், ஒரு சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். எங்கள் வீடு மேல் அடுக்கு. அக்காவின் வீடு அதற்கு இரண்டு அடுக்குக் கீழே. சொந்த அக்கா இல்லை. ஆனால் சின்ன வயசிலிருந்து எனக்குத் தலை பின்னி விட்டவர், வேறு எப்படியும் நான் கூப்பிட்டதில்லை. அன்று இரவு கரண்ட் இல்லை. தகரத்தின் மேல் மழை விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. நள்ளிரவுக்கு அப்புறம் அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு ஒரு சத்தம் வந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதைப் போல, ஆனால் நிற்காமல். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெளிச்சம் போய் விழுந்த இடத்தில் அக்காவின் வீடு இருக்க வேண்டும். இருந்தது சிவப்புச் சேறும், அதில் தலைகீழாகச் செருகி நின்ற தேயிலைச் செடிகளும்தான். அந்தச் செடிகளின் வேர்களைப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. என் கை நீளத்துக்கு மேல் நீளம், வெள்ளையாக, மழையில் கழுவிச் சுத்தமாக. அவ்வளவு வேர் பிடித்திருந்தும் மண் நிற்கவில்லை.

எங்கள் பின்சுவரிலும் விரிசல் விட்டிருந்ததால் எங்களை உடனே வெளியேறச் சொன்னார்கள். பக்கத்து ஹட்டியிலிருந்த படகர் வீட்டார் கதவைத் திறந்து, நனைந்து நின்ற இருபது முப்பது பேரை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பாட்டி ஹெத்தையம்மன் பெயரைச் சொல்லிச் சொல்லியே எல்லாருக்கும் சூடாக டீ ஊற்றினார். நாங்கள் ஸ்தோத்திரம் சொன்னோம். யாருக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. ஆண்கள் கடப்பாரையோடு கீழே இறங்கினார்கள். விடிந்த பிறகுதான் அக்காவையும் அவர் மகளையும் எடுக்க முடிந்தது. குழந்தை கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடைவெளியில் கிடந்தாள், ஒரு கீறல்கூட இல்லை. அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே மண். அவர் வீட்டுக்காரரை எடுத்தபோது உயிர் இல்லை.

அந்த டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. அப்பா எழுந்தார். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்ற 91-ஆம் சங்கீத வசனத்தைச் சொல்லி, "எங்க வீட்டு மேல ஒரு கல்லுகூட விழல, கர்த்தர் அப்படிக் காத்தாரு" என்றார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. அப்பா பொய் சொல்லவில்லை. நன்றி மேலிட்டுத்தான் பேசினார், குரல் உடைந்தது. நான் பெண்கள் பக்கம் பாயில் அக்காவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தேன். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா தலையைக் குனிந்து, குழந்தையின் ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

அப்பாயி கொண்டு வந்தது

எங்கள் குடும்பத்துக்குக் கடவுள் நம்பிக்கை இப்படி வீட்டைக் காக்கும் கணக்காக வரவில்லை என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அது அப்பாயியிடமிருந்து வந்தது. அவர் பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லயத்துக் காம்பராவில். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த லட்சங்களுக்குள் அப்பாயி ஒருத்தி. இந்தியாவை அதுவரை பார்த்ததே இல்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் நீலகிரியில் வந்து சேர்ந்தார். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், டான்டீயில், மறுபடி கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினார். இலங்கையில் ஒரு மரத்தடியில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவர். அந்தக் குழிகளுக்கு ஒரு கல்கூட வைக்க முடியவில்லை என்பது அவருக்குச் சாகும்வரை ஆறாத குறை.

அப்பாயி சாட்சி சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுத்தும் தெரியாது. காலையில் பனி விலகுவதற்கு முன்னால், சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டே யாரிடமோ பேசுவார். முதலில் எங்களிடம் பேசுகிறார் என்று நினைப்போம். "இன்னிக்கி குளிரு அதிகமா இருக்கு, ஐயா" என்பார். "கால்ல அட்டை ஏறிடப் போவுது, பாத்துக்க" என்பார். அந்தப் பேச்சில் கேட்டு வாங்குவது குறைவு. கூட நடந்து வருகிற ஆளிடம் வழிநெடுக எதையாவது சொல்லிக்கொண்டு போவோமே, அப்படித்தான் இருக்கும். ஒருமுறை நான், "சிலோன்லேருந்து துரத்தி விட்டப்ப சாமி என்ன பண்ணுச்சு அப்பாயி?" என்று கேட்டேன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "என்ன பண்ணும்? அதுவும் எங்க கூடவே கப்பல்ல வந்துச்சு" என்றார். அவருக்கு அது பெரிய தத்துவமாகப் படவில்லை. சாமானை எல்லாம் பெட்டியில் கட்டியதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அப்பாயியிடமிருந்து அப்பாவுக்கு வருவதற்குள் ஏதோ மாறிவிட்டது. அப்பாவின் காலத்தில் கொஞ்சம் காசு வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை, அரை ஏக்கர் தேயிலை, கான்கிரீட் வீடு. இழக்க ஏதாவது இருந்தால் அதைக் காக்கிற கடவுள் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாக்குத்தத்த வசன அட்டையை எடுத்து, அதை நிலைக்கு மேலே ஒட்டுகிற பழக்கமும் அப்போது வந்ததுதான். அட்டை ஒட்டுவதைக் குறை சொல்லவில்லை. என் வீட்டு நிலையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அதைக் காவல்காரன் மாதிரி நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறோமோ என்று தோன்றும்.

91-ஆம் சங்கீதமும் ஆலயத்து உச்சியும்

அப்பா சொன்ன அந்தச் சங்கீதத்தை அதற்கப்புறம் நான் பலமுறை படித்துப் பார்த்தேன். அழகான சங்கீதம். பயந்தவர்களுக்கு அதைவிட ஆறுதலான வார்த்தைகள் குறைவு. ஆனால் அது பைபிளில் இன்னொரு இடத்திலும் வருகிறது. மத்தேயு நான்காம் அதிகாரத்தில், இயேசுவைத் தேவாலயத்து உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் உன் கால் கல்லில் இடறாதபடி தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான் பிசாசு. அவன் எடுத்துக்காட்டுகிற வசனம் இதே 91-ஆம் சங்கீதத்தில் உள்ளதுதான். இயேசு குதிக்கவில்லை. விழாமல் பிடித்தால்தான் பிதா உடன் இருக்கிறார் என்று நிரூபணம் கேட்கிற வேலைக்கே அவர் போகவில்லை. கடைசியில் சிலுவையில் அவரைப் பிடிக்க எந்தத் தூதனும் வரவும் இல்லை. இதை இத்தனை வருஷம் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருப்பேன். அக்காவின் வீடு போன பிறகுதான் காதில் விழுந்தது.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றியும் லூக்காவில் வருகிறது. எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொல்லிவிடுகிறார். நேரடியான பதில். இருந்தும் ஒவ்வொரு மண்சரிவுக்கும் பிறகு ஊரில் அந்தப் பேச்சு கிளம்பும். அந்த வீட்டில் குடி, இந்த வீட்டில் சண்டை, அவர்கள் சபைக்கே ஒழுங்காக வந்ததில்லை என்று. அக்கா வீட்டுக்காரரைப் பற்றியும் பேசினார்கள். நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடப் போவார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

மண் ஏன் சரிந்தது என்பதற்கு வேறு பதில்கள் உண்டு. நீலகிரியின் இந்தச் செம்மண் ஆழமானது, தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கும். ஒரு அளவுக்கு மேல் கனத்துக் குழைந்துவிடும். சோலைக்காடு இருந்தபோது நிலைமை வேறு. இப்போது சரிவைச் செங்குத்தாக வெட்டி வீடு கட்டுகிறோம், தண்ணீர் வடிய ஓட்டை வைக்காமல் தடுப்புச் சுவர் எழுப்புகிறோம், மழைநீர் ஓடிய பழைய ஓடையை அடைத்துவிட்டுப் பாதை போடுகிறோம். 1978, 1979, 1993 என்று இந்த மலை சரிந்த வருஷங்களைப் பெரியவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். 2019 ஆகஸ்டில் மேற்குப் பக்கம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பெய்தது. இதில் எந்தப் பாவத்தைத் தேடுவது? அடைபட்ட ஓடையைத் தேடினால் கிடைக்கும்.

அப்பாவின் கட்டிலருகில்

சில வருஷங்கள் கழித்து அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. டயாலிசிஸுக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். விடியற்காலையில் கிளம்பி, மேட்டுப்பாளையம் சாலையில் வளைவுக்கு வளைவு அவர் வாந்தி எடுக்க, இரவு திரும்பி வருவோம். அந்த நோயில் வலியைவிடக் கொடுமை தாகம். தண்ணீர் அளந்துதான் குடிக்கலாம். நாள் முழுக்க டீ குடித்தே வளர்ந்த மனுஷன். அவருக்குச் சாயங்காலம் அரை டம்ளர் டீ. அதைச் சாப்பாட்டு வேளையைவிட ஆவலாகக் காத்திருப்பார். சின்ன எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கருகில் வைத்து முதலில் வாசனை பிடிப்பார், அப்புறம் நாக்கு நனைகிற அளவு ஒரு வாய், அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் இல்லை.

அந்த நாட்களில் அப்பா ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். ஆயர் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு ராத்திரி என்னிடம், "அன்னிக்கு ஒரு கல்லு விழாம பாத்துக்கிட்டவரு இப்ப எங்க போனாரு? நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடு நின்றதை வைத்துக் கடவுள் அருகில் இருக்கிறார் என்று முடிவு செய்தவர், உடம்பு விழுந்ததை வைத்து அவர் போய்விட்டார் என்று முடிவு செய்கிறார். கணக்கு ஒன்றுதான், இப்போது விடை மாறியிருக்கிறது. வந்து பார்த்தவர்கள் அதே கணக்கில் பதில் சொன்னார்கள். விசுவாசம் வையுங்கள், சுகமாகும், அற்புதம் நடக்கும். அது நடக்க நடக்க, அதாவது நடக்காமல் போகப் போக, அப்பா இன்னும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பைபிளில், எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகல் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

ஒரு மத்தியானம் அக்கா வந்தார். தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்த கை, விரலிடுக்கில் இன்னும் நீலக்கறை இருந்தது. நாற்காலியைப் போட்டேன், உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் காலை மடக்கி உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்பா அதே கேள்வியை அவரிடமும் கேட்டார், "எங்கம்மா போயிட்டாரு?" என்று. அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அப்பாவுக்கு எப்படி மனசு வந்தது என்று எனக்கு உடம்பு கூசியது. அப்போதுதான் அக்கா, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"அன்னிக்கு ராத்திரி அவரு உடனே சாகல மாமா. மண்ணுக்குள்ள இருந்து பேசிக்கிட்டே இருந்தாரு. முகம் தெரியல, குரல் மட்டும் கேக்குது. புள்ள அழுவுறாளான்னு கேட்டாரு. அழுவுறா, நல்லா இருக்கான்னு சொன்னேன். யாராச்சும் வர்றாங்களான்னு கேட்டாரு. வர்றாங்கன்னு சொன்னேன். யாரும் வரல அப்ப. நானும் காப்பாத்து காப்பாத்துன்னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அப்புறம் கத்துறத விட்டுட்டேன். தெம்பு இல்ல. அதுக்கப்புறந்தான் தெரிஞ்சுது, நாங்க மூணு பேரு மட்டும் அங்க இல்லன்னு. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அவரு குரலு நின்ன பொறவும் அது போகல. விடியிற வரைக்கும் போகல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் பாயின் ஓரத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "கர்த்தரு எங்க வீட்டுக்காரரக் காப்பாத்தல மாமா. அது உண்மைதான். ஆனா எங்கள விட்டுட்டு உங்க வீட்டுப் பக்கம் போயிடல."

அந்த வார்த்தையில் குத்தல் எதுவும் இல்லை. குத்திக் காட்டுகிற சுபாவம் அவருக்குக் கிடையாது. நடந்ததைச் சொன்னார். அப்பா வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்கால டீயை நான் கொண்டு வந்தபோது, இன்னொரு டம்ளர் எடுத்து வரச் சொன்னார். கை நடுங்க நடுங்க அந்த அரை டம்ளரில் பாதியை அதில் ஊற்றி அக்காவிடம் நீட்டினார். "அய்யோ, உங்களுக்கே அவ்வளவுதான் மாமா" என்று அக்கா மறுத்தார். "குடிம்மா" என்றார் அப்பா. இரண்டு பேரும் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு அப்பாவின் நோய் குறையவில்லை. தாகம் குறையவில்லை. சில ராத்திரிகளில் அழுதார். ஆனால் அவர் எங்கே போனார் என்ற கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவில்லை. ஏசாயா 54-ஐ வாசிக்கச் சொல்வார். "மலைகள் விலகினாலும், பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும், என் கிருபை உன்னைவிட்டு விலகாமலும்" என்று போகும் அந்த வசனத்தை மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் படிப்பது வேறு. மலை விலகாது என்று அதில் எங்கேயும் சொல்லவில்லை. விலகும். நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்பா ஒரு மார்கழிக் குளிரில், வீட்டிலேயே, அப்பாயியின் கம்பளியைப் போர்த்தியபடி போனார். கடைசி வாரம் அவரும் அப்பாயி மாதிரியே பேச ஆரம்பித்திருந்தார். "இன்னிக்கி ரொம்ப வலிக்குது, ஐயா."

ஏலத்தில் பூசணிக்காய்

துன்பத்தில் கடவுள் உடன் இருப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சந்தோஷத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கஷ்டத்தில் ஆளைத் தேடுவோம். நல்ல காலத்தில்தான் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்க மறந்துபோகும். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று பீடத்துக்கு முன்னால் குவிந்துவிடும், கோயிலே ஈர மண் வாசனை அடிக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். அப்பா போனதற்கு அடுத்த பண்டிகையில், எங்கள் தோட்டத்து ஓரத்தில் தானாக முளைத்துக் காய்த்த பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். அக்கா அதைக் கேட்க ஆரம்பித்தார். இன்னொரு பக்கம் இளைஞர் கூட்டம் வேண்டுமென்றே ஏற்றிவிட்டது. விடுவேனா என்று அக்காவும் ஏற, ஒரு பூசணிக்காய்க்கு யாரும் கேள்விப்படாத விலை வந்து நின்றது. மகள் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுக்கிறாள், போதும் போதும் என்று. அக்கா சிரித்த சிரிப்பில் ஆயருக்கே ஏலம் போடக் குரல் வரவில்லை. மண்ணுக்குள் ஒரு இரவு முழுக்க இருந்த அதே மனுஷி. அங்கே உடன் இருந்தவர் இந்தச் சிரிப்பிலும் இருக்கிறார் என்று எனக்கு அன்று தோன்றியது. தோன்றியது என்ன, நான் அப்படித்தான் நம்புகிறேன்.

நம்பிக்கை இருந்தால் பயப்படக் கூடாது என்று சொல்கிறவர்களுக்கும் அக்காவைத்தான் காட்டுவேன். ஐப்பசி பிறந்தால் அவர் வீட்டுப் பின்னால் இருக்கிற கால்வாயைத் தூர் வாரிவிடுவார். அரசு ஒதுக்கிய இடத்தில், சரிவு குறைந்த பக்கத்தில் இப்போது வீடு. தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிகிற குழாய்களில் இலை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுக் குத்திப் பார்ப்பார். ரெட் அலர்ட் என்று டிவியில் வந்துவிட்டால் போதும். ரேஷன் கார்டு, ஆதார், மகளின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் தயாராக இருக்கும். முகாமாகத் திறந்திருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஊரிலேயே முதல் ஆளாகப் போய்ப் பாயை விரித்துவிடுவார். ஒரு வருஷம் சபையில் பெரியவர் ஒருவர், "என்னம்மா, கர்த்தர் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். "இருக்குங்க. முகாம்லயும் அவரு இருப்பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்காததற்காக எரிகிற சூளைக்கு முன்னால் நிறுத்தப்பட்ட மூன்று பேர் ராஜாவிடம் சொல்கிற பதிலை இப்போதெல்லாம் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர், விடுவிக்காமல் போனாலும் உன் சிலையை வணங்க மாட்டோம் என்கிறார்கள். அந்த இரண்டாவது பாதியோடு அவர்களுடைய நம்பிக்கை முழுசாக நிற்கிறது. அப்புறம் சூளைக்குள் பார்த்தால் நான்கு பேர் உலாவுகிறார்கள். எங்கள் சாட்சி நேரங்களில் அந்த இரண்டாவது பாதிக்கும் இடம் வேண்டும் என்று ஆயரிடம் கேட்டிருக்கிறேன். தப்பித்தவர்கள் நன்றி சொல்லட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தப்பிக்காதவர்களின் வீட்டாரும் எழுந்து நின்று, நடந்தது இது, அழுதோம், இன்னும் அழுகிறோம், அவர் போய்விடவில்லை என்று சொன்னால், அதற்கும் சபை ஸ்தோத்திரம் சொல்லப் பழக வேண்டும். யோசிக்கிறேன் என்று ஆயர் சொல்லியிருக்கிறார். விடப்போவதில்லை நான்.

கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்த அந்தக் குழந்தை வளர்ந்து, இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தபோது மூன்று பேரும் திண்ணையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். வார்டில் பார்த்த ஒரு விபத்துக் கேஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டு, "அப்பா குரல் கேட்டுட்டே இருந்துச்சுன்னு சொல்வியேம்மா, அவ்ளோ நேரம் உயிரோட இருந்தவர ஏன் காப்பாத்தல?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அக்காவிடமும் இல்லை. "எனக்குத் தெரியாது கண்ணு. அவருகிட்டயே கேளு. நானும் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். மகள் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். உரித்த பட்டாணியில் பாதியைக் கட்டி அக்கா அவள் பையில் வைத்தார்.